விளக்கெண்ணெயும் வித்தின் எண்ணெயும்: முளைக்கும் ஆமணக்கில் கொழுப்பு சர்க்கரையாதலும் அதனைத் தமிழில் கூறுதலும்

1. பெயர் காட்டும் தடம்

ஆமணக்கு வித்திலிருந்து பிழிந்தெடுக்கப்படும் எண்ணெய்க்குத் தமிழில் விளக்கெண்ணெய் என்று பெயர். மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னர் இல்லங்களில் விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய்களுள் இதுவும் ஒன்று. பயன் பற்றி எழுந்த அப்பெயர் பயன் அருகிய பின்னும் நிலைத்துவிட்டது. இன்று அதனை மருந்தாகவும் பொறிகளுக்கு மசகாகவும் சாயம், சோப்பு முதலியவற்றின் மூலப்பொருளாகவும் கொள்வோரே மிகுதி; உலகில் மிகுதியாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில்.

பெயர் நிலைத்தது போலவே அதனோடு ஒட்டிய ஓர் எண்ணமும் நிலைத்துள்ளது. எண்ணெய் என்பது எரிவது. எரிந்து ஆற்றல் தருவது. முளைக்கும் விதையில் எண்ணெய் என்னாகிறது என்பதைத் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இத்தடத்திலேயே நடந்து, 'விதையில் சேமிக்கப்பட்டுள்ள எண்ணெய் சிதைந்து முளைக்குத் தேவையான ஆற்றலைத் தருகிறது' என்பது போன்றதொரு வாக்கியத்தை அமைத்துவிடுகின்றனர். இதில் இலக்கணப் பிழை இல்லை. முற்றிலும் பொய் என்று கூறவும் இயலாது. ஆயினும் நிகழ்ச்சியின் பெரும்பகுதி இவ்வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதனை மட்டும் படித்த மாணவனிடம், மண்ணுக்கடியில் ஒளியின்றி, பச்சையமின்றி, சில நாட்களில் ஒரு சாண் வேரும் தண்டும் எப்பொருளைக் கொண்டு உருவாயின என்று கேட்டால் அவனால் விடை கூற இயலாது. ஆற்றல் உடலாகாது; உடலாவதற்குப் பொருள் வேண்டும்.

விளக்கில் எரியும் எண்ணெயின் கார்பன், புகையாகப் படிவது போக, கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. முளைக்கும் ஆமணக்கிலோ எண்ணெயின் கார்பனில் பெரும்பங்கு சர்க்கரையாகி, வளரும் முளையின் உடலாகிறது. இம்மாற்றம் நிகழும் முறையை விளக்குவதும், மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய சொற்களை ஆங்காங்கே சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம். எண்ணெய் வித்துகள் பலவற்றுள் ஆமணக்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படுவதற்குக் காரணம், இம்மாற்றத்தைப் பற்றிய அடிப்படைச் செய்திகளுள் பல அதனை ஆய்ந்தே அறியப்பட்டமையாகும்.

2. முத்தும் பருப்பும் கருவூணும்

தமிழில் வித்துகளுக்குப் பொதுப்பெயர் மட்டுமன்றிச் சிறப்புப் பெயர்களும் உள்ளன. நெல், கம்பு முதலியவை கூலம், கத்தரி, மிளகாய் முதலியவற்றினுடையவை விதை, புளியினுடையது காழ், மா, பனை ஆகியவற்றினுடையது கொட்டை, வேம்பு, ஆமணக்கு ஆகியவற்றினுடையது முத்து. இவ்வேறுபாட்டை ஞா. தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டியுள்ளார். பளபளப்பும் வரிகளும் கொண்ட ஆமணக்கு வித்து முத்து எனப்பட்டதற்கு அதன் தோற்றமே காரணம் ஆகலாம். கன்னடத்தில் ஹரளு என்னும் சொல் ஆமணக்கையும் மணிக்கல்லையும் குறிப்பது இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

முத்தின் ஓட்டை உடைத்தால் உள்ளே வெண்ணிறப் பருப்பு இருக்கும். பருப்பு என்பது உலக வழக்குச் சொல். ஓடோ தோலோ நீங்கிய உள்ளீட்டை அது குறிக்கும். அவ்வுள்ளீடு தாவரத்தின் எவ்வுறுப்பு என்பது அச்சொல்லுக்குப் பொருட்டன்று. நிலக்கடலைப் பருப்பு என்பது பெரும்பாலும் இரு வித்திலைகளே. ஆமணக்குப் பருப்பின் பெரும்பகுதி வித்திலையன்று. முளைக்கருவைச் சுற்றி அமைந்த உணவுத் திசுவாகும். அதன் நடுவே இரண்டு வித்திலைகள் தாள் போல் மெலிந்து ஒட்டியிருக்கும். தேங்காய்ப் பருப்பும் இவ்வுணவுத் திசுவே. ஆகவே மூலநூலில் வித்திலை என்பதற்கும் உணவுத் திசு என்பதற்கும் ஒரே போலப் பருப்பு என்று பெயர்த்தால், எண்ணெய் எங்கே உள்ளது, எங்கே மாறுகிறது, எங்கே செல்கிறது என்னும் மூன்றும் குழம்பிவிடும்.

இவ்வுணவுத் திசுவுக்குத் தமிழகப் பாடநூல்களில் முளைசூழ்தசை என்றும் கருவூண் என்றும் இரு சொற்கள் வழங்கி வந்துள்ளன. இலங்கைப் பாடநூல்களில் வித்தகவிழையம் என்பது வழக்கு. முளைசூழ்தசை இடம் பற்றிய பெயர். கருவூண் செயல் பற்றிய பெயர். ஆமணக்குக்கு இரண்டும் பொருந்தும். மக்காச்சோளத்திலோ இத்திசு முளைக்கருவைச் சூழ்ந்திராமல் ஒருபுறமாக அமைந்துள்ளது. அங்கே இடம் பற்றிய பெயர் நெருடுகிறது. கரு உண்ணும் உணவு என்னும் பெயர் எல்லா வித்துகளுக்கும் ஏற்குமாதலின் இக்கட்டுரையில் கருவூண் என்பதே ஆளப்படுகிறது.

முளைவிட்ட தேங்காயின் உள்ளே திரண்டு நிற்கும் வெண்மையான பஞ்சு போன்ற பகுதியைத் தேங்காய்ப்பூ என்கின்றனர். அது பூவன்று, கருவூணை உறிஞ்சி வளரும் முளைக்கு அனுப்பும் உறுப்பு. தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பூ என்னும் பெயர் வழங்குவதால் இச்சொல்லை மொழிபெயர்ப்பில் எதிர்கொள்வோர் இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும். அப்பூ வளர வளரப் பருப்பு மெலிவதும், அப்பூ இனிப்பதும் உண்டறிந்தோர் அறிவர்.

3. சுமப்பதற்கு ஏற்றது, செல்வதற்கு ஏலாதது

எண்ணெய் என்னும் சொல் எள்ளின் நெய் என்பதிலிருந்து பொதுப்பெயராக விரிந்தது என்பது மொழியியலார் நன்கறிந்தது. தெலுங்கின் நூனெ என்பதும் எள்ளைக் குறிக்கும் அடியோடு நெய் சேர்ந்து அமைந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஒரு வித்தின் பெயர் எல்லாக் கொழுப்பு நீர்மங்களுக்கும் பெயராகும் அளவுக்கு எள்ளில் எண்ணெய் செறிந்துள்ளது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஆமணக்கிலும் அவ்வாறே.

விதைக்கு எண்ணெயால் என்ன ஊதியம்? ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. மாவுச்சத்திலோ சர்க்கரையிலோ 4 கிலோ கலோரி மட்டுமே. கொழுப்பில் ஆக்சிஜன் அணுக்கள் மிகக் குறைவு. எனவே சிறிய இடத்தில் மிகுந்த கார்பனையும் ஆற்றலையும் அடைத்து வைக்க அது ஏற்றது. காற்றாலோ பறவையாலோ பரவவேண்டிய சிறு வித்துக்கு இது பெரும் நன்மை.

இந்நன்மையோடு ஓர் இடர்ப்பாடும் உடன் வருகிறது. எண்ணெய் நீரில் கரையாது. தாவரத்தின் உடலில் உணவு செல்லும் வழி பட்டையத் திசுவின் குழாய்கள். அவற்றில் ஓடுவது நீர்க்கரைசல். அக்கரைசலில் பெரும்பாலான தாவரங்கள் அனுப்பும் உணவு சுக்ரோஸ், அதாவது கரும்பில் உள்ள அதே சர்க்கரை. கருவூணில் உள்ள எண்ணெய் வேர்நுனிக்குச் செல்ல வேண்டுமானால் முதலில் சர்க்கரையாக வேண்டும்.

முளைக்கும் எண்ணெய் வித்துகளில் எண்ணெய் குறையக் குறைய மாவுச்சத்தும் சர்க்கரையும் தோன்றுவதை ஜெர்மானியத் தாவரவியலார் ஜூலியஸ் சாக்ஸ் 1859-இல் எடுத்துரைத்தார். ஒன்று மறைகிறது, மற்றொன்று தோன்றுகிறது என்பது அன்றே தெரிந்தது. முன்னது பின்னதாக மாறும் வழி தெரியவர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். சேமிப்புணவு வளரும் உறுப்புகளுக்குப் பயன்படுமாறு விடுவிக்கப்படுவதை ஆங்கில நூல்கள் மொபிலைசேஷன் என்னும் சொல்லால் குறிக்கின்றன. இச்சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைப்பது படைதிரட்டல், நிதிதிரட்டல் முதலிய இடங்களில் வரும் திரட்டல் என்பது. விதையில் நிகழ்வது இதற்கு நேர் எதிரானது. தாய்ச்செடியில் வித்து முதிரும்போதே எண்ணெய் திரட்டப்பட்டுவிட்டது. முளைக்கும்போது அது கலைத்து அனுப்பப்படுகிறது. பெயர்த்து வழங்கல் என்றோ இடத்துக்கேற்பச் சேமிப்பு விடுவிப்பு என்றோ கூறுதல் பொருந்தும்.

4. துளியின் உறை

விதை நீரை உள்ளீர்த்துப் பருத்தவுடன் மூச்சுவிடுதல் விரைவுபெறுகிறது. எண்ணெய் உடனே கரையத் தொடங்குவதில்லை. விதையில் சிறிதளவு சர்க்கரைகள் முன்னரே உள்ளன. முளைவேர் வெளிப்படும் வரையிலான செலவை அவை பெரும்பாலும் ஈடுசெய்கின்றன. பெரும் சேமிப்பாகிய எண்ணெயின் முறை அதன் பின்னரே வருகிறது.

கருவூணின் ஒவ்வொரு செல்லிலும் எண்ணெய் சிறு சிறு துளிகளாக உள்ளது. ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டமுடையது. செல்லின் ஏனைய சவ்வுகள் இரட்டை அடுக்குடையவை. இத்துளியின் உறையோ ஒற்றை அடுக்கு. ஒலியோசின் என்னும் புரதங்கள் அவ்வுறையில் ஊன்றி நின்று, துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெருந்துளியாகிவிடாமல் காக்கின்றன. துளிகள் தனித்தனியே சிறியனவாக இருப்பதால் அவற்றின் மொத்தப் பரப்பு மிகுதியாகிறது. நொதிகள் செயற்படுவது அப்பரப்பில்தான்.

எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்தது. லைப்பேஸ் என்னும் நொதி நீரின் துணைகொண்டு இப்பிணைப்புகளை அறுக்கிறது. ஆமணக்கு வித்தில் இத்தகைய நொதி உண்டென்பதை ரெனால்ட்ஸ் கிரீன் 1890-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இச்செயலுக்கு நீராற்பகுப்பு என்னும் தமிழ்ச்சொல் நன்கு அமைந்தது. அதில் பகுப்பு என்பதே உள்ளது, சிதைவு இல்லை. பகுக்கப்பட்ட பொருள் மீண்டும் பயன்படும் என்னும் குறிப்பு அச்சொல்லில் தங்கியுள்ளது. சிதைவு என்பது உருக்குலைந்து அழிதலை நினைவூட்டும். வளர்சிதைமாற்றம் என்னும் கலைச்சொல்லைப் படைத்தோர் வளர்தலையும் சிதைதலையும் ஒரே தொடரில் இணைத்து, இரண்டும் மாற்றத்தின் இருமுகங்கள் எனக் காட்டினர். அத்தொடரைப் பிரித்துச் சிதைவை மட்டும் தனியே எடுத்தாளும்போதே பொருள் குறைபடுகிறது.

5. இரண்டிரண்டாக

விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் பெராக்சிசோம் வகையைச் சார்ந்த ஒரு நுண்ணுறுப்பினுள் கொண்டு செல்லப்படுகின்றன. விலங்குகளில் இத்தகைய அமிலங்களைப் பகுப்பதில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. தாவரங்களில் அது பெராக்சிசோமின் பணி. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. பீட்டா ஆக்சிஜனேற்றம் எனப்படும் செயல்முறையில் அச்சங்கிலியின் ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பன்களாக அறுக்கப்படுகின்றன. பதினெட்டுக் கார்பன்கள் கொண்ட சங்கிலி எட்டு முறை அறுபட்டு ஒன்பது துண்டுகளாகும். அத்துண்டுகள் அசெட்டைல் கோ-ஏ என்னும் வடிவில் கிடைக்கின்றன. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதியாகிய ரிசினோலியிக் அமிலம் நடுவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்கியிருப்பதால் அங்கே கூடுதலாகச் சில படிகள் வேண்டும். அடிப்படை முறை இதுவே.

ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. செல்லுக்கு இது நஞ்சு. அதே நுண்ணுறுப்பினுள் செறிந்திருக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. பெராக்சிசோம் என்னும் பெயர் இப்பெராக்சைடு பற்றியே அமைந்தது.

6. இழப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி

இரண்டு கார்பன் துண்டுகள் கிடைத்துவிட்டன. இவற்றைச் சர்க்கரையாக்குவது எங்ஙனம் என்பதே நெடுங்காலம் விடை காணப்படாதிருந்த வினா.

ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் கண்டறிந்த சிட்ரிக் அமிலச் சுழற்சியில் இத்தகைய துண்டு ஒன்று நான்கு கார்பன் சேர்மம் ஒன்றோடு இணைந்து ஆறு கார்பன் சேர்மமாகிறது. அதன்பின் சுழற்சி முடிவதற்குள் இரண்டு கார்பன்கள் கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. உள்ளே வந்தவை இரண்டு. வெளியே போனவை இரண்டு. ஆற்றல் கிடைக்கிறது, எஞ்சுவது ஏதுமில்லை. விளக்கெரிவதற்கு ஒப்பாக உயிர்ச்செல்லில் ஒன்றைக் கூற வேண்டுமாயின் இதனையே கூறலாம். மனிதன் உள்ளிட்ட முதுகெலும்பிகள் கொழுப்பு அமிலத்திலிருந்து நிகர அளவில் சர்க்கரை ஆக்கிக்கொள்ள இயலாமைக்குக் காரணமும் இதுவே.

அசிட்டேட்டை மட்டுமே கார்பன் ஊட்டமாகக் கொண்டு வளரும் நுண்ணுயிர்கள் உண்டு. இரண்டு கார்பன் பொருளை மட்டும் உண்டு அவை தம் உடல் முழுவதையும் கட்டிக்கொள்கின்றன. இது எவ்வாறு இயல்கிறது என்று ஆய்ந்த ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் கிரெப்ஸும் 1957-இல் புதியதொரு வழியை வெளியிட்டனர். ஆறு கார்பன் கொண்ட ஐசோசிட்ரேட், கார்பனை இழக்கும் படிகளுக்குச் செல்லாமல், ஐசோசிட்ரேட் லையேஸ் என்னும் நொதியால் நான்கு கார்பன் கொண்ட சக்சினேட்டாகவும் இரண்டு கார்பன் கொண்ட கிளையாக்ஸலேட்டாகவும் பிளவுறுகிறது. மேலேட் சிந்தேஸ் என்னும் மற்றொரு நொதி அக்கிளையாக்ஸலேட்டோடு இரண்டாவது அசெட்டைல் துண்டை இணைத்து நான்கு கார்பன் கொண்ட மேலேட்டை ஆக்குகிறது. ஒரு சுற்றில் நுழைவன இரண்டு துண்டுகள். நான்கு கார்பன் கொண்ட ஒரு சேர்மம் நிகர வரவாக மிஞ்சுகிறது. கரியமில வாயு இழப்பு இல்லை. கிளையாக்ஸலேட் சுழற்சி என்று இது பெயர் பெற்றது.

அதே 1957-இல் கோர்ன்பெர்க்கும் ஹாரி பீவர்ஸும் முளைக்கும் ஆமணக்கின் கருவூணில் இவ்விரு நொதிகளும் உள்ளமையைக் காட்டினர். கேன்வினும் பீவர்ஸும் 1961-இல் கதிரியக்கக் கார்பன் கொண்ட அசிட்டேட்டை ஆமணக்குக் கருவூணுக்கு அளித்து, அக்கார்பன் சுக்ரோஸில் சென்று சேர்வதை நிறுவினர். சாக்ஸ் கண்ட மறைவுக்கும் தோற்றத்துக்கும் இடையிலான வழி இவ்வாறு துலங்கிற்று.

இவ்வழி செல்லின் எப்பகுதியில் உள்ளது என்பதற்கான விடை 1967-இல் கிடைத்தது. பிரைடன்பாக்கும் பீவர்ஸும் ஆமணக்குக் கருவூணை நசுக்கி, அடர்த்தி படிப்படியாக மிகும் சுக்ரோஸ் கரைசலில் இட்டு மையவிலக்கு விசையில் சுழற்றினர். மைட்டோகாண்ட்ரியாக்கள் ஏறத்தாழ 1.19 அடர்த்தியில் தங்கின. அவற்றுக்கும் கீழே 1.25 அடர்த்தியில் வேறொரு பட்டை தோன்றியது. ஐசோசிட்ரேட் லையேஸும் மேலேட் சிந்தேஸும் அப்பட்டையில் இருந்தன. அந்நுண்ணுறுப்புக்குக் கிளையாக்சிசோம் என்று அவர்கள் பெயரிட்டனர். சர்க்கரையாகும் வழியைச் சர்க்கரைக் கரைசலிலேயே மிதக்கவிட்டுக் கண்டனர் என்பது சுவையான பொருத்தம்.

சுழற்சியின் எல்லாப் படிகளும் அந்நுண்ணுறுப்பினுள்ளேயே நிகழ்வதாக முதலில் கொள்ளப்பட்டது. சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றும் அக்கோனிட்டேஸ் நொதி அதற்கு வெளியே செல்நீர்மத்தில் உள்ளது என்பது பின்னர் தெரியவந்தது. சுழற்சி என்னும் சொல் ஒரு மூடிய வட்டத்தை மனத்தில் வரைகிறது. மெய்யான வழியோ சவ்வுகளைக் கடந்து உள்ளும் புறமும் சென்று வருவது. கலைச்சொல்லை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. படம் வரைந்து விளக்குவோர் மட்டும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

7. கணக்கு

சக்சினேட் கிளையாக்சிசோமை விட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று, அங்கே மாற்றமுற்று, செல்நீர்மத்தில் ஆக்சலோ அசிட்டேட்டாகிறது. அங்கேதான் முதன்முறையாக ஓர் இழப்பு ஏற்படுகிறது. நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட் ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக விட்டு மூன்று கார்பன் சேர்மமாகிறது. அத்தகைய இரண்டு இணைந்து, சர்க்கரை பகுபடும் வழியில் பின்னோக்கிச் சென்று, ஆறு கார்பன் சர்க்கரையாகின்றன. எட்டுக் கார்பன்கள் புறப்பட்டு ஆறு வந்து சேர்கின்றன. அதாவது நான்கில் மூன்று பங்கு.

ஒலியிக் அமிலம் மட்டுமே கொண்ட எண்ணெயை எடுத்துக்கொண்டு, கிளிசராலையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 கிராம் எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 140 கிராம் சுக்ரோஸ் வரை ஆகக்கூடும். கார்பனில் கால் பங்கை இழந்தும் எடை கூடுவது முரணாகத் தோன்றலாம். எண்ணெயில் அரிதாக உள்ள ஆக்சிஜன் சர்க்கரையில் நிறைந்திருப்பதே காரணம். இது தாளில் போட்ட உச்சவரம்புக் கணக்கு; மெய்யான முளையில் ஒரு பங்கு மூச்சுவிடுதலில் செலவாகும்.

இதே கணக்கை வாயுக்களைக் கொண்டும் சரிபார்க்கலாம். வெளிவிடும் கரியமில வாயுவை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. சர்க்கரை முழுதும் எரிந்தால் அது 1. கொழுப்பு முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 0.7. மேற்கூறிய எண்ணெய் எரியாமல் முழுதும் சர்க்கரையாக மாறினால் கணக்குப்படி 0.37. முளைக்கும் ஆமணக்கில் இம்மதிப்பு 0.7-க்கும் கீழே நன்கு இறங்கிவிடுகிறது. 'எண்ணெய் எரிந்து ஆற்றல் தருகிறது' என்னும் வாக்கியம் முழு உண்மையாயின் இவ்வாறு இறங்க வழியில்லை.

ஆற்றல் கிடைக்கவில்லை என்று இதற்குப் பொருளன்று. சங்கிலியை அறுக்கும் படிகளிலேயே ஆற்றல் கணிசமாக வெளிப்படுகிறது. சர்க்கரையைக் கட்டியெழுப்பும் செலவுக்கு அது உதவுகிறது. முளையைச் சென்று சேர்ந்த சர்க்கரையிலும் ஒரு பகுதி வேர்நுனியில் எரிந்து ஆற்றலாகிறது. எஞ்சியது செல்சுவராகவும் பிறவாகவும் அமைகிறது. மூலநூலில் எண்ணெய் முளைக்கு எரிபொருளாகிறது என்னும் கருத்துப்பட ஆங்கிலத் தொடர் வருமிடத்தில், வளர்ச்சிக்கு உணவாகிறது என்று பெயர்ப்பது பொருந்தும். உணவு என்னும் தமிழ்ச்சொல் ஆற்றலையும் உடற்கட்டையும் ஒருங்கே தழுவுவது.

8. முளைத்தலும் முளை வளர்தலும்

விதை உடலியலார் முளைத்தல் என்பதற்கு வரையறுத்த எல்லை உண்டு. நீரை உள்ளீர்ப்பதில் தொடங்கி முளைவேர் உறையைக் கிழித்து வெளிவருவதோடு அது முடிகிறது. அதன்பின் நிகழ்வது முளை வளர்ச்சி. பேச்சு வழக்கில் மண்ணுக்குமேல் தலை காட்டுவதையே முளைத்தல் என்கிறோம். எண்ணெய் பெருமளவில் மாறுவது இவ்விரு எல்லைகளுக்கும் இடையில். 30 பாகை செல்சியசில் இருளில் வளரும் ஆமணக்கில் கிளையாக்ஸலேட் சுழற்சி நொதிகளின் செயல் ஏறத்தாழ ஐந்தாம் நாளில் உச்சத்தை எட்டுகிறது. முளைவேர் அதற்கு முன்னரே வெளிவந்துவிடும். எனவே 'முளைத்தலின்போது எண்ணெய் மாறுகிறது' என்னும் தொடர் வழக்கின்படி சரி, வரையறையின்படி தவறு.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதைக் கடுகுக் குடும்பத்தைச் சார்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெயை நீராற்பகுக்கும் முதன்மை லைப்பேஸ் குறைபட்ட ஒரு வகையைப் பீட்டர் ஈஸ்ட்மண்ட் 2006-இல் விவரித்தார். அதன் விதைகள் முளைவேரை வெளிவிட்டன; ஆனால் வளர்ச்சி தடைப்பட்டது. வெளியிலிருந்து சர்க்கரை அளித்தால் வளர்ந்தன. ஆகவே அதற்குச் 'சர்க்கரையைச் சார்ந்தது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிடப்பட்டது. இதற்கு மாறாக, கொழுப்பு அமிலங்களைப் பெராக்சிசோமினுள் செலுத்தும் புரதம் குறைபட்ட மற்றொரு வகை முளைப்பதற்கே தடுமாறுகிறது. உணர்விழந்து கிடப்பது என்னும் பொருளில் அது கோமட்டோஸ் எனப்பட்டது. அப்புரதத்துக்கு எண்ணெயைக் கையாளுதலோடு வேறு பணிகளும் உண்டு. எல்லைக்கோடு வரையறையில் இருப்பதைப் போல விதையினுள் அத்துணைத் தெளிவாக இல்லை.

கருத்துக்கு மிகவும் நெருங்கிய சான்று 2000-இல் வெளிவந்தது. ஐசோசிட்ரேட் லையேஸ் இல்லாத அராபிடாப்சிஸ் விதைகளும் முளைத்தன. அவற்றின் எண்ணெயும் பகுபட்டது. ஆனால் பகுபட்ட கார்பன் சர்க்கரையாகவில்லை, மூச்சில் செலவாயிற்று. ஒளி போதிய அளவு கிடைத்த முளைகள் தாமே உணவு சமைத்துப் பிழைத்துக்கொண்டன. இருளிலோ ஒளி குன்றிய நிலையிலோ இருந்தவை நலிந்தன. சிதைவு மட்டும் நிகழ்ந்து மாற்றம் நிகழாத முளை எவ்வாறிருக்கும் என்பதை இச்செடிகள் நேரிற் காட்டின.

மண்ணுக்கடியில் உள்ள விதைக்கு ஒளியில்லை. வித்தில் வைத்த எண்ணெய் தீர்வதற்குள் அது வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். எள் போன்ற சிறுவித்தை ஆழப் புதைத்தால் பயிர் எழாமைக்கு இது ஒரு காரணம். உழவர்க்கான துண்டுவெளியீட்டை மொழிபெயர்ப்பவர், விதைப்பு ஆழத்தைக் கூறும் எண்ணுக்குப் பின்னே இக்கணக்கு இருப்பதை அறிந்திருந்தால் அவ்வெண்ணை அசட்டையாகக் கையாளார்.

இவ்விடத்தில் முளைவிட்ட இளஞ்செடிக்குரிய சொல்லும் கருதத்தக்கது. பாடநூல்கள் நாற்று என்பதனைப் பொதுச்சொல்லாக ஆள்கின்றன. வழக்கில் நாற்று என்பது பிடுங்கி நடப்படுவது. நெல்லுக்கும் கத்தரிக்கும் உரியது. மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. ஆமணக்கை நேரே விதைப்பர். நாற்றுவிட்டு நடும் வழக்கம் இல்லை. உழவர்க்கு எழுதும்போது ஆமணக்கு நாற்று என்றால் நாற்றங்கால் ஒன்று வேண்டும்போலும் என்று அவர் கருதக்கூடும். முளைச்செடி அல்லது இளஞ்செடி என்பது ஐயத்துக்கு இடந்தராது.

9. வித்திலை பசுமையுற்ற பின்

ஆமணக்கின் முளைத்தண்டு நீண்டு வளைந்து வித்திலைகளை மண்ணுக்குமேல் தூக்கும்போது கருவூணும் அவற்றோடு ஒட்டியபடி மேலே வருகிறது. அதுவரை வித்திலைகளின் பணி, இருபுறமும் பொதிந்துள்ள கருவூணிலிருந்து சுக்ரோஸை உறிஞ்சித் தண்டுக்கும் வேருக்கும் அனுப்புவது. எண்ணெய் தீர்ந்ததும் கருவூணின் செல்கள் தம் புரதங்களையும் செரித்துக் கொடுத்துவிட்டு மடிகின்றன. மெல்லிய தோலாக எஞ்சும் அது உதிர, வித்திலைகள் விரிந்து பசுமையுறுகின்றன.

சூரியகாந்தி, வெள்ளரி, பூசணி முதலியவற்றில் எண்ணெய் வித்திலைகளிலேயே உள்ளது. அங்கே மடிவதற்குத் தனியே கருவூண் இல்லை. எண்ணெயை மாற்றிய அதே செல்கள் ஒளியில் உணவு சமைக்கும் செல்களாகின்றன. அவற்றின் கிளையாக்சிசோம்கள் என்னாகின்றன என்பது நெடுநாள் வழக்காடப்பட்டது. பழையன அழிந்து இலைக்குரிய பெராக்சிசோம்கள் புதிதாகத் தோன்றுகின்றன என்பது ஒரு கொள்கை. உறுப்பு அதுவே, உள்ளிருக்கும் நொதிகளே மாறுகின்றன என்பது மற்றொன்று. டைட்டஸும் பெக்கரும் 1985-இல் பசுமையுறும் வெள்ளரி வித்திலைகளில் இருவகை நொதிகளும் ஒரே நுண்ணுறுப்பினுள் ஒருங்கே இருப்பதைக் காட்டியபின் இரண்டாவது கொள்கை வலுப்பெற்றது.

ஒரே உறுப்பு காலத்துக்கேற்பப் பணி மாறுமாயின் அதற்கு இருபெயர் எதற்கு என்னும் வினா இதிலிருந்து எழுந்தது. கிளையாக்சிசோம் என்னும் பெயரை விடுத்துப் பெராக்சிசோம் என்பதையே எங்கும் ஆளலாம் என்று அண்மைக் காலத்தில் அறிவியலாருள் ஒரு சாரார் கூறுகின்றனர். புதிய கட்டுரைகளில் இருவழக்கும் காணப்படுகின்றன. 1967-ஐ ஒட்டிய நூல்களைப் பெயர்ப்போர் கிளையாக்சிசோம் என்பதனை அவ்வாறே ஆள்வது பொருந்தும். புதியனவற்றைப் பெயர்ப்போர் மூல ஆசிரியர் எவ்வழக்கைக் கொண்டுள்ளார் என்று நோக்கி அதனைப் பின்பற்றலாம். இரண்டையும் ஒரே நூலில் காண்பவர் அவற்றை இருவேறு உறுப்புகள் எனக் கொள்ளாதவாறு, முதல் வருகையிலேயே ஓர் அடைமொழியால் தொடர்பைச் சுட்டிவிடுதல் வேண்டும்.